இடக்கயிறு

சாவுச் சங்கத்துப் பணம்
நாற்பத்தேழு பவுண்டு, பதினோரு ஷில்லிங்.
இன்றும் பிசகாமல் சொல்வேன்.
பொருளாளன் அல்லவா.

கிரேவில் பந்தய மைதானத்தில்
மார்னிங் பெல் என்றொரு செந்நிறக் குதிரை
கடைசி வளைவில் கால் இடறியது.
குதிரையை நான் குற்றம் சொல்லவில்லை.
பல நாள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரமே சைலஸ் முனியன் செத்தான்,
பிளஃப் திமிங்கில ஆலையில்
கொதிகலன் அருகே நின்றவன் நின்றபடியே.

பெட்டிக்குப் பணம் எங்கே என்று
மூப்பர் கேட்டார். வங்கியில் என்றேன்.
போதகர் கேட்டார். நாளைக்கு என்றேன்.
எப்சிபா கேட்டாள்,
தலையில் முக்காடு, இடுப்பில் கைக்குழந்தை.
அவளிடம்
எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.
ஃபின்லேண்ட்ஸ் தகரக் குடிசைகளில்
சேவல்களுக்குப் பஞ்சமில்லை.
எது கூவியது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தையல் மெஷினை விற்று அவள் பெட்டி வாங்கினாள்.

அதன்பின் திருவிருந்து ஞாயிறுதோறும்
எனக்குத் தவறாமல் காய்ச்சல் வந்தது.
இம்மட்டும் உதவினார் என்று
எபினேசர் எனப் பெயர் வைத்தார் தகப்பனார்.
அம்மட்டோடு நின்றுவிட்டது என்றிருந்தேன்.

மூன்றாம் குளிர்காலம் மத்தி வந்தது.
கடல் கறுத்தது. பறவைகள் கற்களாய் விழுந்தன.
தெருவே வாளியோடு மேட்டைத் தாண்டி ஓடியது.
நான் மணலில் தள்ளி நின்றேன்.
கரைவலையின் இடக்கயிற்றில் ஆள் குறைந்தது.
"வீரண்ணே! கை இருக்கிறது வேடிக்கை பார்க்கவா?"
எப்சிபாவின் குரல்.
இழுத்தேன். உள்ளங்கை உரிந்தது.
ஒரு மணிநேரம்
நான் யாரென்று கயிற்றுக்குத் தெரியாது.

வலை கரையேறியபோது
கரிநெருப்பு மூட்டியிருந்தாள்.
சுட்ட மீனைத் தகரத் தட்டில் நீட்டி
ஒன்றே ஒன்று கேட்டாள்: சாப்பிட்டீங்களா?
சங்கப் பணத்தைப் பற்றி வாயெடுத்தேன்.
உப்பு போதுமா என்றாள்.
(இப்போது மாதம் பத்து ஷில்லிங் கொடுத்து வருகிறேன்.
வாங்கிக்கொள்கிறாள். ரசீது தருவதில்லை.)

கிருபையைப் பற்றி
எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன்,
மேசையைத் தட்டி, உரத்த குரலில்.
செதில் ஒட்டிய கையோடு
அது வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆண்டவரும் ஒரு விடியலில் கடற்கரையில் சமைத்தார்.
மறுதலித்த வாய்க்கு முதலில் மீன்,
கேள்வியெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.
அன்றைய பிடியை
நூற்றைம்பத்து மூன்று என்று எவனோ எண்ணி வைத்தான்.
பணப்பை சுமந்தவன் அல்ல.
அவன் அதற்குள் தன் கணக்கைத் தானே முடித்திருந்தான்.
இன்னும் சில நாள் பொறுத்திருக்கலாம் பாவி,
மீன் வேகும் வரைக்கும்.

என் தட்டில் ஐந்து, ஆறு...
"எண்ணாதீங்க," என்றாள்.

ஏழாவதில் முள்.
நெடுநேரம் இருமினேன்.
கண்ணில் நீர் வந்ததற்கு
அதுவும் ஒரு காரணம்.