பதினோரு விநாடி

ஷானன் ஆற்றுக்கு மேற்கே ஒற்றைத் தடம்.
அக்டோபர், செவ்வாய், காலை 6.52.
கட்டுப்பாட்டறைத் திரையில்
நாற்பத்தேழாம் தடப்பகுதியின் சிவப்புக் கோடு
அணைந்தது.
பதினோரு விநாடி கழித்து மீண்டும் எரிந்தது.
இடையில் ரயில் எங்கும் போய்விடவில்லை.
அதே இடத்தில், அதே வேகத்தில்,
நாற்பத்துமூன்று பேரோடு
இல்லாமல் இருந்தது.

தண்டவாளத்தின் கணக்கு எளிது.
இரு தண்டவாளத்திலும் மெல்லிய மின்னோட்டம்.
சக்கரம் வந்து குறுக்கே நின்று அதை விழுங்கும்.
கோடியில் காத்திருக்கும் ரிலே பசியில் விழும்.
விழுந்தால் சிவப்பு.
கம்பி அறுந்தாலும் சிவப்பு, மின்சாரம் போனாலும் சிவப்பு.
சந்தேகம் வந்தால் 'உண்டு' என்று சொல்லவே
வளர்க்கப்பட்ட கருவி.
வராத ரயிலுக்காக வண்டிகள் நிற்கும்,
பயணிகள் திட்டுவார்கள்,
நான் நன்றாகத் தூங்குவேன்.

தூக்கத்தைக் கெடுப்பது மற்றது:
இருப்பதை 'இல்லை' என்பது.

காரணம் இலை.
சிக்கமோர் மரத்தின் மேல் வழக்குப் போட முடியாது.
மழையில் ஊறி, சக்கரத்தில் அரைபட்டு
இரும்பின் மேல் கறுந்தோலாகியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.
இரண்டே பெட்டி, எடை குறைந்த வண்டி;
தோலைக் கிழித்து இரும்பைத் தொட
அதற்குக் கனம் போதவில்லை.

படிவத்தில் இரண்டு கட்டம்.
எத்தனை முறை நடக்கும்? எவ்வளவு கெடும்?
பெருக்கினால் ஒரு நிறம் வரும்.
எனக்கு மஞ்சள் வந்தது.
"பின்னால வந்த வண்டி பதினேழு நிமிஷம் தள்ளித்தானே டெர்வ்லா,
ஒண்ணும் ஆகலையே," என்றார் கஹால்.
ஆகவில்லை.
அது கால அட்டவணை காட்டிய தயவு,
கருவி காட்டியதல்ல.
அடுத்த ஆண்டு அட்டவணையில் அந்தப் பதினேழு
ஆறு.

நாற்பத்துமூன்று என்ற எண்ணை
கண்டக்டர் ஃபினோலாவிடம் கொண்டுபோனேன்.
செவ்வாய்னா டயாலிசிஸுக்குப் போற ஆறு பேர், என்றாள்.
நர்சிங் மாணவிகள். ஒரு செல்லோ, அதற்குத் தனி இருக்கை.
"செல்லோவை எண்ணினீங்களா?"
இல்லை.

மஞ்சளை அழித்தேன்.
அச்சு எண்ணும் கருவி வரப் பதினாறு மாதம் ஆகும்.
தண்டவாளம் கழுவும் வண்டி, இரவுதோறும்.
அதுவரை, முன்வண்டி முழுதாய் வந்து சேர்ந்ததை
ஒரு மனிதக் கண் பார்க்காமல்
அடுத்தது கிளம்பக் கூடாது.
கஹால் கையெழுத்திட்டார். பேனாவை மூடாமலே கேட்டார்:
தாமதம் எவ்வளவு?
வண்டிக்கு நான்கு நிமிடம்.

இன்று பாலிநாரா நிலையத்தில் நிற்கிறேன்.
வண்டி வந்து போகிறது.
நடைமேடை ஊழியன் ஒயிஷீன், தொப்பியில் நீர் சொட்ட,
கடைசிப் பெட்டியைக் கண்ணால் தொடர்கிறான். பிறகு போனில்:
"வால்விளக்கு உண்டு. முழுசாப் போயிருச்சு."
மறுமுனை அதைத் திருப்பிச் சொல்கிறது.
திரையும் அதையேதான் சொல்லியிருக்கும்,
பெரும்பாலும்.
அந்தப் பெரும்பாலுமை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மழை விடவில்லை.
சிக்கமோரில் இன்னும் பாதி இலை இருக்கிறது.