இதர

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
அரிசி பருப்பு, வாடகை, மருந்து,
பள்ளிக் கட்டணம், மின் கட்டணம்.
ஆறாவதாக, தாளில் இடம் மிஞ்சியதால்
அச்சகத்துக்காரர் போட்டது போல
'இதர'.

மார்கழி வெள்ளம் வடிந்து இருபது நாள்.
கருப்பந்துறைச் சுவர்களெல்லாம்
இடுப்புக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம்.
அறக்கட்டளைப் பையை மாட்டிக்கொண்டு
வீடு வீடாக ஏறி எழுதினேன்.
எழுதுகிற கைதான் என்னுடையது.
கொடுக்கிற கை பாளையங்கோட்டையில்
மின்விசிறிக்குக் கீழே இருந்தது.

பேராச்சி மடியில் சொளவு.
பீடி இலையை வெட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.
அரிசி? 'ரேசன்ல போட்டுட்டாவ.'
வாடகை? 'புறம்போக்குக்கு யாருக்குக் குடுக்க?'
மருந்து? 'மாமியாளுக்கு வேண்டியிருந்திச்சு.
இனி வேண்டாம்.'
கத்தரி நின்றது.
'கடைசில என்னமோ இருக்குல்லா அண்ணாச்சி,
அதுல எழுதுங்க.
ஒரு கதவு.'

குளிக்கிற மறைப்பின் தகரக் கதவை
ஆறு கொண்டுபோயிருந்தது.
அந்த இடத்தில் ஒரு சேலை.
காற்று வரும்போதெல்லாம்
அது தன் வேலையை மறந்தது.
மூத்தவளுக்குப் பதினான்கு வயது.
நாலு மணி இருட்டில் குளிக்கிறாள்.
சின்னவள் வெளியே காவல்:
ஆள் வந்தால் இரண்டு இருமல்.
நிஜமாகவே சளி பிடித்த ஒரு வாரம்
அக்கா குளிக்கவேயில்லை.

கூட்டத்தில் கதவை முக்கால் மணி நேரம் பேசினார்கள்.
அத்தியாவசியத்தில் வருமா என்றார் தணிக்கையாளர்.
'கதவைக் கடித்துத் தின்ன முடியுமா?'
என்று சிரித்த பெரியவர்
சிரித்தபடியே எழுந்து கழிவறைக்குப் போனார்.
அவர் கொண்டி போட்ட சத்தம்
மேசை வரைக்கும் கேட்டது.
கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நாலாயிரம் அனுமதி.
ரசீது கட்டாயம்.
பொருளுடன் பயனாளி நிற்கும் புகைப்படம் கட்டாயம்.

வண்ணார்பேட்டையில் இடித்த வீட்டுச் சாமான் கடையில்
அவளே தேடிப் பிடித்தாள்.
கதவு இரண்டாயிரத்து அறுநூறு.
கீலும் கொண்டியும் இருநூற்று நாற்பது.
லோடு ஆட்டோ முந்நூற்றைம்பது.
நீலக் கதவு. யார் வீட்டு வாசலிலோ நின்றது.
நெஞ்சுயரத்தில் வெள்ளைப் பெயிண்டில்
'நாய் ஜாக்கிரதை'.
அழிக்கச் சொல்லவா என்றேன்.
'இருக்கட்டும், நல்லதுதான' என்றாள்.
சின்னவள் இப்போது இருமுவதில்லை.
ஆள் வந்தால் குரைக்கிறாள்.

மறு வாரம் அலுவலகத்துக்கு வந்து
மேசையில் எண்ணி வைத்தாள்,
எண்ணூற்றுப் பத்து ரூபாய்.
'மிச்சம் அண்ணாச்சி.'
பன்னிரண்டு வருசமாக இந்தப் பேரேட்டில் எழுதுகிறேன்.
பயனாளியிடமிருந்து வரவு
என்றொரு தலைப்பு இதில் கிடையாது.
பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.
அவள் ரசீதுக்காக நின்றுகொண்டிருந்தாள்.
பீடிக்கடைக் கணக்கில் ஏமாந்தவள்,
ரசீது வாங்காமல் நகரமாட்டாள்.
கடைசியில் நானும்
'இதர' என்றுதான் எழுதினேன்.

புகைப்படம் எடுக்கப் போனபோது பகல் பதினொன்று.
'ஒரு நிமிசம்' என்று
துண்டை எடுத்துக்கொண்டு அவளே உள்ளே போனாள்.
கொண்டி விழுந்தது.
செம்பு வாளியில் இடித்தது, தண்ணீர் விழுந்தது,
அவசரமே இல்லாமல் விழுந்தது.
உள்ளேயிருந்து குரல்:
'நீங்க எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி.'

எடுத்தேன்.
கோப்பில் இருக்கிறது அந்தப் படம்,
பட்டப்பகல் வெயிலில் சாத்திய ஒரு நீலக் கதவு,
அடியில் கசிந்து வரும் சோப்பு நுரை.
ஓரத்தில் சிவப்பு மையில்
தணிக்கையாளர் கேட்டிருக்கிறார்:
பயனாளி எங்கே?

கீழே பச்சை மையில் என் பதில்:
உள்ளே இருக்கிறார்.