இருந்து பாருங்கோ

திங்கட்கிழமை கொழும்பில் நேர்முகம்.
இன்று சனி.
நாலு வருடமாய் அறிவியல் நகரில்
கொங்கிறீற்று எவ்வளவு தாங்கும் என்று
கணக்குப் போட்டவள் நான்.
என் இடுப்பளவு கேட்டால் தெரியாது.
லிந்துலையில் எனக்கு வந்த உடுப்பெல்லாம்
வேறு யாரோ ஒருத்தியின் அளவில் வந்தவை.

சேலை வேண்டாம் என்றாள் அறைத்தோழி நெத்மி.
சேலை கட்டிப் போனால்
உன்னை மேசையில் வைத்துவிடுவார்கள்,
சைட்டுக்கு விடமாட்டார்கள்.
கறுப்புக் காற்சட்டை எடு.
வெள்ளைச் சட்டை நான் தருகிறேன்.

நூற்றைம்பத்தைந்தாம் கட்டையில் பஸ் ஏறினேன்.
பையில் மகாபொலக் காசு,
அதில் ரயிலுக்கு எடுத்து வைத்தது போக மிச்சம்.
கிளிநொச்சி வெயிலில் கடை வாசலில்
தலையில்லாத மூன்று பொம்மைகள்,
மூன்றும் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி.
நேர்முகத்துக்குப் போகிற பொம்மை
ஒன்றும் இல்லை.

"என்ன சைஸ்?"
பெயர் அவள் சட்டையில் குத்தியிருந்தது: சுடர்மதி.
தெரியாது என்றேன்.
கழுத்தில் கிடந்த அளவு நாடாவை அவள் தொடவில்லை.
ஒருதரம் பார்த்தாள்.
"இருபத்தெட்டு. நீட்டம்தான் கூட வரும்."

அறை என்பது ஒரு திரை.
கண்ணாடி தாழத் தொங்கியது,
அதில் என் தலை தெரியவில்லை.
கழுத்துக்குக் கீழே
யாரோ ஓர் உத்தியோகத்தர் நின்றார்.

வெளியே வந்து, சரியாயிருக்கு என்றேன்.
அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.
"நிண்டு பாக்காதேங்கோ, இருந்து பாருங்கோ.
இன்டர்வியூ எண்டால் இருக்கிற வேலைதானே."

எங்கள் பக்கம் உட்காருவோம்.
இவர்கள் இருப்பார்கள்.
நாலு வருடத்தில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
நான் இன்னும் ஒரு நொடி பிந்துகிறேன்.

இருந்தேன்.
பொத்தான் மூச்சைப் பிடித்தது.
"பாத்தீங்களோ? முப்பது."

முப்பதைப் போட்டுக்கொண்டு மறுபடி இருந்தேன்.
எதிரே துணிக்கட்டின் மேல் அவளும் இருந்தாள்,
குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள்:
"ரிப்போட்டில ஒரு வருசத்தைக் காணேல்லையே, தங்கச்சி?"

என் ரிப்போட்டில் எல்லா வருடமும் இருக்கின்றன
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிறகுதான் விளங்கியது,
அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை.

"வவுனியாவில ஒரு கொம்பனி. மூண்டு பேர் இருந்தவை.
ரெண்டாயிரத்தொன்பது எங்க எண்டு கேட்டவை.
பள்ளிக்கூடம் நடக்கேல்லையோ எண்டு.
நடந்தது சேர் எண்டன்.
நாங்களும் நடந்தம்,
பள்ளிக்கூடமும் எங்களோட நடந்தது எண்டன்.
ஒருத்தர் சிரிச்சவர்.
மற்றவர் எழுதினவர்."

என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.
அவள் குனிந்து என் காலடியில்
விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள்.
குண்டூசிகள் வாயில் இருந்தபடியால்
அவளும் மேலே சொல்லவில்லை.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
கரடிப்போக்குத் தையல்காரர் நாளைக்கு இல்லையாம்,
நானேதான் தைக்க வேண்டும்.
"லேபலை வெட்டாதேங்கோ.
ஏழு நாளைக்குள்ள கொண்டந்தால் மாத்தலாம்."
தைத்ததைக் கூடவா என்றேன்.
"நான் நிண்டால் மாத்துவன்."

இரவு கட்டிலில் இருந்துகொண்டு தைத்தேன்.
கறுப்பு நூல் இல்லை.
நெத்மியிடம் கரு நீலம் இருந்தது.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால்
தெரியாது.
கடிதத்திலும் மூன்று பேர் என்றுதான்
போட்டிருக்கிறது.

குண்டூசி ஆறு எடுத்தேன்.
அவள் ஏழு குத்தியதாய் ஞாபகம்.