ஒன்பதாவது கேள்வி

ஆய்வறிக்கை நாற்பத்திரண்டு பக்கம்.
எங்கள் கிளினிக்கில் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம்.
அதில் நான்கு பூட்ஸ் கழற்றவே போய்விடும்,
சஸ்காட்செவனில், ஜனவரியில்.

ரெஜைனாவில் பயிற்சி தந்த பெண் சொன்னாள்:
“கேட்பதால் எண்ணம் முளைக்காது.
முளைத்திருப்பதற்கு ஒரு பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்.”
குறித்துக்கொண்டேன். டோனட் நன்றாக இருந்தது.

ஊர் திரும்பி அந்தத் தாளை
ரத்த அழுத்தத்துக்கும் எடைக்கும் நடுவில் செருகினோம்.
தூக்கம், பசி, சோர்வு என்று எட்டு வரை நிதானம்.
ஒன்பதாவதில் என் குரல் தானாக வேகமெடுக்கும்,
ஆட்டம் கண்ட பாலத்தைக் கடக்கும் லாரி மாதிரி:
“அந்த மாதிரி நினைப்பெல்லாம் இல்லையே?”
கண் திரையில்.
விரல் அதற்குள் ‘இல்லை’யின் மேல்.

“இல்லை” என்றார் டெல்பர்ட் டூர்க்சன்,
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.
நான் நீட்டிய விடையையே திருப்பித் தந்தார்.
மார்ச்சில் அவர் கோப்பு
வேறு அலமாரிக்குப் போனது.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
கட்டம் நிரப்பப்பட்டிருந்தது.
லொரீன் நாங்கள் அனுப்பிய கேக் தட்டைக் கழுவி
எடுத்துவந்து, நன்றி என்றாள்.
அதை எங்கே வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

பிறகு அந்த ‘இல்லையே’வை விட்டேன்.
கடைசி ஏகாரத்தில்தான் கதவு சாத்தியிருந்தது.
தானியக் கிடங்குக்குப் பின்னால் காரை நிறுத்தி
கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன்:
“செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?”
முதல் முறை தும்மல் போல் வந்தது.
பதினோராவது முறை, உப்பு வேண்டுமா என்பது போல்.
இரண்டுமே இல்லை.
கன்று ஈனும் பசுவின் அருகில்
நிற்பவர்களுக்கு ஒரு குரல் உண்டு. அது.

ஓரெஸ்ட் ஹ்னாட்யுக் காது அடைப்புக்கு வந்தார்.
இரண்டு வருட வறட்சியும் வங்கிக் கடிதமும்
அவர் சொன்னதல்ல; ஊர் சிறியது.
நாற்காலியைத் திருப்பினேன்,
திரைக்கு முதுகு காட்டி. கேட்டேன்.
ஹீட்டர் கடகடத்தது.
வெளியே ஒரு குழந்தை இருமியது.
அவர் சும்மா இருந்தார். பிறகுதான் உறைத்தது:
காது.
இன்னொரு முறை, சத்தமாக.
வரவேற்பு மேசைக்கும் கேட்டிருக்கும்.

“சில நாள்” என்றார்.
“விடிகாலையில். மாட்டுக்கு வைக்கோல் போடும் முன்.”

இருபத்தாறு வருட நர்ஸ்; எனக்கு
வாய் வரவில்லை.
நல்லவேளை, தாளுக்கு அடுத்தது தெரிந்திருந்தது.
விதைக் கம்பெனியின் குறிப்பேட்டில் இருவரும் எழுதினோம்.
துப்பாக்கி அலமாரியின் சாவி
பக்கத்துப் பண்ணை லைலிடம், பனி உருகும்வரையாவது.
“கொயோட்டி வந்தால்?”
“லைல் வருவார்.”
சஸ்கடூனில் மகள். அவள் எடுக்காவிட்டால் நான்,
நான் தூங்கினால் இரவு உதவி எண்.
அவர் கைப்பட ஒரே வரி:
நாய்க்குச் சோறு போடணும்.
டாக்டர் வந்து உட்கார்ந்தார்.
பதினைந்து, ஐம்பத்திரண்டு நிமிடமானது.
இருமிய குழந்தையின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னாள், ஆனால் மெதுவாக.

வியாழன்தோறும் ஃபோன் செய்கிறேன்.
அறிக்கையில் இதற்கு ‘தொடர்பு பேணல்’ என்று பெயர்.
பீட்ரூட் சூப்பில் கேரட் போடுகிறவர்களைப் பற்றி
அவருக்கு நிறைய அபிப்பிராயம் உண்டு.

மூன்றாம் வியாழன் எடுக்கவில்லை.
மகளும் எடுக்கவில்லை.
லைலுக்குச் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன்.
ஒரு பூட்ஸ் மாட்டியிருந்தபோது மணி அடித்தது.
“கன்று” என்றார். “பின்னங்கால் முதலில் வந்துவிட்டது.
கை கழுவ இவ்வளவு நேரம்.”
அந்த ஒற்றைப் பூட்ஸோடு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வருடக் கடைசியில் கணக்குக் கேட்பார்கள்:
எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? எழுதுவேன்.
நடக்காமல் போனதற்கு
அட்டவணையில் கட்டம் கிடையாது.

அன்று காதைச் சுத்தம் செய்ய
மறந்தே போனோம்.
இன்னும் அடைப்புதானாம்.
மார்ச் ஒன்பது, காலை பத்து மணிக்கு வருகிறார்.