இடப்பக்கப் பெல்ற்

ஆரையம்பதி மெயின் ரோட்டில்
கராஜ் என்று சொல்ல ஒரு தகரக் கூரை,
ஒரு லப்டொப், கடன் முடியாத ஸ்கேனர்.
நியாஸ் காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்திவிட்டுச் சொன்னான்:
"முந்தின ஆளின்ர எல்லாத்தையும் அழிச்சிரு மச்சான்.
என்ர போனைக் கொழுவினாலும்
சீவரெத்தினம் எண்டுதான் கூப்பிடுது."

சீவரெத்தினம் அதிபரை எனக்குத் தெரியும்.
ஒன்பதாம் வகுப்பில் என் காதைத் திருகியவர்.
போன ஆவணியில் மோசம்போனார்.
பள்ளிக்கு அரைநாள் லீவு விட்டார்கள்.
கார் மட்டும் இன்னும் அவருக்காக
சீற்றைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தது.

அழிக்கத்தான் திறந்தேன்.
அழிக்கமுன் பார்க்காத மனிதன் யார்?

திறந்த கதவுகள், பூட்டிய கதவுகள்,
களுவாஞ்சிக்குடியில் சடுதியாய் மிதித்த பிரேக்,
போனிலிருந்து இறங்கிக் குடியேறிய பெயர்கள்:
மீன் ராசன். கோட்டக் கல்வி. எடுக்கக் கூடாது.
எல்லாவற்றுக்கும் நேரம், செக்கனோடு.

பிறகு சனிக்கிழமைகள்.
கல்முனையில் மீட்டிங் என்று
ஊருக்கே தெரிந்த சனிக்கிழமைகள்.
கார் கல்முனையில் நிற்கவே இல்லை.
காரைதீவு, நிந்தவூர் தாண்டி
ஒலுவில் வெளிச்சவீட்டுக்குக் கிட்ட
எஞ்சின் நிற்கிறது.
இரண்டு மணி நாற்பது நிமிடம்.
கதவு திறக்கவில்லை.
இடது சீற்: நிறை இல்லை.
இடது பெல்ற்: பூட்டியிருக்கிறது.

அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன்.

சின்ன வயதில், கல்லடிப் பாலத்துச் சென்றியில்
வாகன நம்பரைக் கொப்பியில் எழுதுவான்
மீசை முளைக்காத ஒரு ஆமிக்காரன்.
எழுதுகிறான் என்று எங்களுக்குத் தெரியும்.
பேனை நகர்வதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்போம்.
மாரியில் கொப்பி நனையும்,
மை ஊறி, ஒரு நம்பர் இன்னொன்றுக்குள் கரையும்.
இந்தக் கார் யாரையும் மறிக்கவில்லை.
முகத்துக்கு டோர்ச் அடிக்கவில்லை.
தானே ஓடி, தானே எழுதி,
தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது
மழை பெய்யாத ஏதோ ஒரு அறைக்கு.

அவர் சம்மதித்திருக்கிறார். அதுவும் பதிவில் இருக்கிறது:
ஒரு திங்கள், காலை ஏழு பன்னிரண்டு,
யப்பான் எழுத்தில் நாற்பத்தொரு பக்கம்,
நாலாவது செக்கனில் 'ஓம்'.
மணியடிக்கமுன் பள்ளிக்குப் போகவேண்டுமே.
"வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வை" என்று
எங்கள் எல்லோருக்கும் சொன்ன மனிதர்.

அழித்தேன்.
நிச்சயமாகவா என்று திரை கேட்டது.
அதற்குக் கீழே, எறும்பு எழுத்தில்:
இங்கிருப்பது மட்டும்தான் போகும்,
அனுப்பியது அனுப்பியதுதான்.
எனக்குள் வந்துவிட்டதைப் பற்றி
அது ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் மனோன்மணி ரீச்சர் வந்தார்,
காருக்குள் மறந்த குடைக்கு.
குடையையும்
மாமாங்கத்துத் திருநீற்றுப் பொட்டலத்தையும் கொடுத்தேன்.
"வேற ஒண்டும் இல்லியா மனே?"
இல்லை ரீச்சர்.
அவர் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.
சீற்றின் இடுக்கைக் கையால் தடவினார்.
பெல்ற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றார்.
விட்டார்.
அது தன்பாட்டில் சுருண்டு உள்ளே போனது.

நியாஸ் வரும்போது புதுத் திரை, புதுக் கேள்விகள்.
"எல்லாத்துக்கும் ஓம் எண்டு அமத்தவா?
அசர் தொழுகைக்கு நேரமாகுது."
வாசி, என்றேன்.
சிரித்துக்கொண்டே அமத்தினான்.

அடுத்த சனிக்கிழமை ஒலுவில் போனேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
என் மோட்டார்சைக்கிளுக்கு மூளை கிடையாது,
கார்பரேட்டர் மட்டும்தான். அந்தத் திமிர் இருந்தது.
கடல் தின்ற கரை. அதை மறிக்கக் கொட்டிய கல்.
ஒரு நாய். ஐஸ்பழக்காரன்.
ஒரு கார் நிற்கக்கூடிய நிழல்.
அதில் நின்று கடலைப் பார்த்தேன்,
அவர் பார்த்ததைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்து.
வெட்கமாக இருந்தது.

சட்டைப் பையில் போன் துடித்தது:
'ஒலுவில் வெளிச்சவீட்டில் இருக்கிறீர்கள்.
எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?'