பின்பக்கம்

முதலில் கிடைத்தது ஒரு எண்தான்:
தாப்பா மாஜிஸ்திரேட் கோர்ட், 211, ஐம்பத்து நான்கு.
பதினோரு மாதம் அலைந்தேன் அதற்கு.
பள்ளி வேன் ஓட்டி ஓய்ந்தவனுக்கு
அலைய நேரமா இல்லை.

என் அடையாள அட்டையில்
அப்பா இருக்கவேண்டிய இடத்தில் மாமா நிற்கிறார்,
பழனியாண்டி. நல்ல மனிதர்.
பதிவு ஆபீசில் கேட்டபோது
கையிலிருந்த குடையை நீட்டுவதுபோல்
தன் பெயரை நீட்டியவர்.
மற்றதை அவரும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.
என் கண்ணைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பையன்கள்
வைத்த பட்டப்பெயர் மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

பழுப்புத் தாள். ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது.
இடப்பக்கம் சாய்ந்த இங்கிலீஷ் கையெழுத்து.
அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்
என் அம்மாவை.

அங்காயி, வயது இருபத்திரண்டு,
ஆறாங்கட்டைத் தோட்டம், பால் வெட்டு.
அவசரகாலம். காட்டுக்கு அரிசி போகிறதா என்று
கேட்டில் வாளி, முந்தானை, கொண்டை எல்லாம் தடவுவார்கள்.
அம்மாவின் இடுப்புச் செருகலில் அரிசி இல்லை.
ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம் ஒன்று.
எஃகு உறை. ஓடுகிறது.
அந்த ஒரு சொல்லைக்கூட விடாமல் எழுதியிருக்கிறான்
போலீஸ்காரன்.

எங்கே கிடைத்தது?
கொடுத்தது.
யார் கொடுத்தது?
பிள்ளையோட அப்பா.
(குற்றம் சாட்டப்பட்டவர் கர்ப்பிணி.)
அந்த அடைப்புக்குறிக்குள் நான் இருக்கிறேன், ஆறு மாதமாக.
பெயர்?
பதில் இல்லை.
பெயர்?
பதில் இல்லை.
மூன்றாம் முறை துபாசி கேட்டதற்கு:
"சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
கேள்வி விளங்கவில்லை போலும்."

விளங்காதது யாருக்கு?
எங்கள் லயத்தில் புருஷன் பேரை
வாயால் சொன்ன பொம்பளை கிடையாது.
சூரியமூர்த்தி பெண்டாட்டி வானத்தைக் காட்டுவாள்.
வேலாயுதம் பெண்டாட்டி
பால் வெட்டும் கத்தியைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள்.
கிராணி அதைப் பார்த்துத்தான் பேரேட்டில் எழுதுவார்.
அம்மா சொல்லிவிட்டாள், கோர்ட் முழுவதும் பார்க்க.
துபாசி தமிழர்தான்.
ஒன்று, அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.
அல்லது நினைவிருந்திருக்க வேண்டும்.

பதினைந்து வெள்ளி அபராதம், தவறினால் இருபது நாள்.
உள்ளே போனாள்.
கடிகாரம் அரசாங்கத்துக்கு.
ஏலப் பட்டியலில் அதே கடிகாரம்: ஓடவில்லை.
சாவி கொடுக்க ஆளில்லை.

அத்தோடு கோப்பை மூடியிருப்பேன்.
காப்பகத்துப் பெண் தாளைக் கவிழ்த்து அடுக்கியபோதுதான்
பின்பக்கம் ஒட்டியிருந்த ரசீது தெரிந்தது.
நாலு நாள் கழித்துத் தேதி.
இருந்த நாளுக்குக் கழித்து, மீதி பன்னிரண்டு வெள்ளி.
கட்டியவர் பெயர் இல்லை.
சிவப்பு மையில் ஒரு சாப்பு,
இரண்டு சீன எழுத்து.

படமெடுத்துக்கொண்டு பீடோர் வந்தேன்.
கோழி பிஸ்கட் கடைக்காரர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"யோங் செங். பழைய மார்க்கெட் முனை.
கடிகாரம் பழுது பார்ப்பார்கள்," என்றார் மலாயில்.
யோங் செங் என்பது ஆளா?
"ஆள் இல்லை, கடை.
வியாபாரம் செழிக்கட்டும் என்று வைக்கிற பேர்."
ஆள் பேர் அவருக்குத் தெரியாது.
கேட்ட பிறகு என் கண்ணைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.
ஒரு பொட்டலம் பிஸ்கட் சும்மா கொடுத்தார்.

அந்த முனையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள்.

ஆக, அம்மா சொல்லாத பெயர்
சொல்லப்படாமலே இருக்கிறது.
அதில் வருத்தமில்லை, அவள் வைத்தபடியே இருக்கட்டும்.
ராத்திரியில் நான் போடும் கணக்கு வேறு.

நாலு நாள்.
பீடோரிலிருந்து தாப்பா எட்டு மைல்.
அப்போதும் பஸ் ஓடியது.