வாற மாதிரி

சீனக்குடாவில் இரவு இரண்டு பத்து.
ஆறு நிமிடத்துக்கொருமுறை ராடார்
வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கிறது.
வெளியே ஜெனரேற்றர் இருமுகிறது.
பாரமானியைப் பார்த்துவிட்டு வந்த நஸ்மினா
"இன்னும் ஒண்டு இறங்கிட்டுது" என்கிறாள்.

கணினி சொல்வது முல்லைத்தீவு.
நேற்றைய காற்றையும்
எங்கோ ஒரு கப்பல் அனுப்பிய அழுத்தத்தையும் தின்று
அது வரைந்த கோடு
எங்களைத் தொடாமல் வடக்கே போகிறது.
நம்ப விருப்பமாய்த்தான் இருக்கிறது.

மொடலுக்கு நம் மொழியில் மாதிரி என்று பெயர்.
யார் வைத்தாரோ, தெரிந்துதான் வைத்தார்.
மழை வாற மாதிரி இருக்கு.
அவன் சொன்ன மாதிரி இல்லை.
தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல
வேறு சொல் கிடையாது.

ராடார் வேறு ஆள்.
ஊகிக்காது. அலையை எறிந்து
திரும்பி வந்ததை மட்டும் எண்ணும்:
துளி எவ்வளவு, எவ்வளவு தூரம்,
கிட்ட வருகிறதா, எட்டப் போகிறதா.
குறுக்கே ஓடும் காற்று
அதன் கண்ணுக்கு அசையாமல் நிற்கும் காற்று.
பொய்யும் சொல்லும்.
மலையை மழை என்னும். கொக்குக் கூட்டத்தை மழை என்னும்.
கொட்டியாரக் குடாவில் அலை கொந்தளித்தால்
அதையும் மழை என்னும்.
இவற்றையெல்லாம் துடைத்து,
உண்மை மழையில் ஒரு துளியும் துடைபடாமல்
மாதிரிக்கு ஊட்டுவது என் வேலை.

குச்சவெளிக்குக் கிழக்கே ஒரு கீற்று.
வடிகட்டி அதைக் கடலலை என்று ஒதுக்கியிருக்கிறது.
ஒதுக்கியதைத் திறந்து
தட்டின் கோணத்தை ஒவ்வொரு படியாய் ஏற்றிப் பார்க்கிறேன்.
ஐந்து கிலோமீற்றர் உயரத்திலும் நிற்கிறது.
கடல் எழும்பியதைக் கண்ட ஊர்தான் இது.
என்றாலும் அவ்வளவு எழும்பாது.

இனி ஒரே கேள்வி, எவ்வளவு நம்புவது.
கோப்பில் அதற்கு ஓர் எண் உண்டு.
கூட்டினால் மாதிரி தன் பிடிவாதத்தில் நிற்கும்.
குறைத்தால் ராடாரின் பக்கம் சாயும்.
அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் குழம்பி
இல்லாத புயல்களை நடுக்கடலில் ஈனும்.
மூன்று என்றிருந்ததை ஒன்றரை ஆக்கினேன்.
ஏன் ஒன்றரை என்று பிறகு கேட்பார்கள்.

நாற்பது ஓட்டங்கள். நாற்பது திருகோணமலைகள்.
ஏழில் புயல் இன்னும் முல்லைத்தீவுக்கே.
இருபத்தாறில் குச்சவெளி.
நான்கில் நிலாவெளி, தகரங்கள் பறக்கின்றன
(கணினி எண்தான் சொன்னது, தகரம் நான் போட்டது).
இரண்டில் கிண்ணியாப் பாலத்தின் மேல் தண்ணீர்.
ஒன்றில் ஒன்றுமே நடக்கவில்லை:
விடிய மீன்சந்தையில் சூரை மலிவு.
அந்த ஒன்றுக்குள் போய் இருந்துவிடலாம்.

மூன்று ஐம்பதுக்குப் பிரதேச செயலகத்துக்கு அடித்தேன்.
தேவசகாயம் நித்திரைக் குரலில்,
"நிச்சயமோ பிள்ளை?"
நிச்சயமான மாதிரி
என்று வாய்வரை வந்ததை விழுங்கி,
"சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்துங்கோ" என்றேன்.

புயல் இறக்கண்டியில் கரை ஏறியது.
நாங்கள் சொன்ன இடத்துக்குத் தெற்கே
பதினொரு கிலோமீற்றர்.
கொழும்பில் அதை நல்ல முடிவு என்றார்கள்.
நானும் அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன்.
அந்தப் பதினொன்றுக்குள்
ஒரு கோழிப்பண்ணை, பத்தொன்பது வள்ளங்கள்,
யாரும் ஏற்றச் சொல்லாததால் ஏறாத
ஒரு தெரு.

மூன்றாம் நாள் வானம் வெறுமை.
ஆனாலும் ஆறு நிமிடத்துக்கொருமுறை சுற்றுகிறது.
தம்பலகாமம் பக்கம் கொக்குகள் திரும்பிவிட்டன.
மழை என்றது ராடார்.

அழிக்க வேண்டும்.
கொஞ்சம் பொறுத்து
அழித்தேன்.